ஃபேன் டைரக்ட்



போன வாரம் ஒரு எம்.பி.எஃப்.ஐ. மாருதி 800 என் பட்டறைக்கு வந்தது. காந்திபுரம் தாண்டுவதற்குள் கொதித்துவிடுகிறது என்றார் வண்டிக்காரர். ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். டாஷ்போர்டுப் பெட்டியில் நீ எழுதிக் கொடுத்த ஜாப் கார்டு கிடந்தது.

“நின்றால் முள் ஏறுது. 40-ல் போனால் இறங்குது. ஏசி போட்டால் சீக்கிரம் ஏறுது. மூடி புதுசு. தெர்மோஸ்டாட் வால்வு எடுத்தாச்சு. ஃபேன் டைரக்ட். தண்ணி ஃபுல். ஓகே.”

முதல் மூன்று வரியைப் பட்டறைப் பையன்களைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன். வண்டியைத் தானே ஓட்டிப் பார்க்காமல், வண்டிக்காரரை உட்கார வைத்துக் கேட்காமல் அப்படி எழுத முடியாது. ஸ்கேனரை மாட்டி, வந்த கோட் நம்பரை வாசித்துவிட்டுப் பார்ட்ஸ் மாற்றுகிற இந்தக் காலத்தில் கோயமுத்தூரில் இப்படி ஒரு பையன் இருக்கிறானா என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். 0.9 ரேடியேட்டர் மூடி இருந்த இடத்தில் 1.1 மூடியைத் திணிக்காமல் 0.9-ஐயே வாங்கிப் போட்டிருக்கிறாய், அதுவும் சரி.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஆத்திரம் வந்தது.

நோயை நீயே எழுதிவிட்டாயே தம்பி! நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்றால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை. ஓடும்போது எதிர்காற்று பார்த்துக்கொள்கிறது. நின்றுவிட்டால் ஃபேனை விட்டால் கதியில்லை. ஏசி போட்டால் முன்னால் இருக்கும் கண்டென்ஸரின் சூடும் சேர்ந்து ரேடியேட்டர் மேல் விழுகிறது. இதில் வால்வு என்ன தப்பு செய்தது? 82 டிகிரியிலோ 88-லோ திறக்கத் தொடங்குகிற சாமான் அது. முள் சிவப்பைத் தொடும் நேரத்தில் முழுக்கத் திறந்துதான் கிடக்கும். திறக்காமல் சிக்கியிருந்தால் அவிநாசி ரோட்டில் 80-ல் போகும்போது இன்னும் சீக்கிரமாகக் கொதித்திருக்கும். கொதிக்கிற தண்ணீரில் தொங்கவிட்டுச் சோதிக்கக்கூடத் தேவையில்லை, உன் இரண்டாவது வரியே போதும். அதை எழுதிய கையால் எப்படி அந்த வால்வைக் கழற்றினாய்?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் வேலை பழகிய பட்டறையில் மூலையில் ஒரு டின் நிறையத் தெர்மோஸ்டாட் கிடக்கும். எந்த அம்பாசடர் வந்தாலும் எங்கள் மேஸ்திரி முதலில் அதைத்தான் பிடுங்குவார். “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குடா?” என்பார். ஊட்டிக்குப் போகிற டாக்ஸிகள் கல்லாறு ஏறி பர்லியாறில் வரிசையாக பானெட்டைத் திறந்துவைத்து நிற்கும். மூடியைத் திறக்க ஈரச் சாக்கோடு டிரைவர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். அந்த வண்டியின் ஃபேன் பெல்ட்டில் சுற்றுவது. எஞ்சின் மெதுவானால் அதுவும் மெதுவாகும். அதனால்தான் சிக்னலில் நியூட்ரலில் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பார்கள். கார்புரேட்டர் வண்டி, எஞ்சின் சூடாகிவிட்டதா என்று கேட்க அதில் ஆள் கிடையாது. வால்வு இல்லாமலும் ஏதோ ஓடியது. மேஸ்திரி கெட்டிக்காரர்தான், அவர் காலத்து வண்டிக்கு.

2014-லேயே அம்பாசடர் உற்பத்தி நின்றுபோனது. நீ இன்னும் அதற்கே வைத்தியம் பார்க்கிறாய். இந்த 800-ல் சென்சார் இருக்கிறது. மார்கழிக் காலையில் பைபாஸில் போனால் வால்வு இல்லாத எஞ்சினுக்குச் சூடு ஏறவே ஏறாது. கம்ப்யூட்டரும் எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். பிளக் கறுக்கும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும், மைலேஜ் போகும். மைலேஜ் குறைந்துபோச்சு என்று அந்த ஃபிட்டர் தனியாக வேறு புலம்பினார்.

டைரக்ட் கதை இதைவிட மோசம். ரிலே இல்லை, ஃபியூஸ் இல்லை, ஃபேனுக்கு நேராக ஒற்றை வயர். மோட்டார் இறுகிப்போனால் வயர்தான் எரியும். நீ இழுத்த வயர் பெட்ரோல் ஹோஸை உரசிக்கொண்டு போகிறது. இத்தனைக்கும் பழைய ரிலேயும் சென்சாரும் நன்றாகவே இருக்கின்றன, சோதித்துவிட்டேன். ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் வண்டி கொதிக்கிறது என்றால் காற்றுக்கு வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்றுதானே அடுத்துப் பார்க்க வேண்டும்? சாயங்காலம் குளிர்ந்த நேரத்தில் ஒரு ரவுண்டு போய்விட்டு “ஓகே” எழுதியிருப்பாய். மத்தியான வெயிலில் ஏசியைப் போட்டு அரைமணி நேரம் நிறுத்திப் பார்க்காமல் இந்தக் கேஸில் அந்த வார்த்தையை எழுதாதே.

கண்டென்ஸர் முகத்தைக் கழுவியிருந்தாய், பளிச்சென்று இருந்தது. ரேடியேட்டரின் மேல் போல்ட்டுகளைக் கழற்றிப் பின்னால் சாய்த்து டார்ச் அடித்தேன். இரண்டுக்கும் நடுவில் மில் பஞ்சும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து மெத்தை மாதிரி அடைந்திருந்தது. மில் ஷெட் ஓரமாக நிற்கிற வண்டி. எங்கே வேலை, எங்கே நிறுத்துகிறீர்கள் என்று கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். கையால் பிய்த்து எடுத்துவிட்டு, எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, பிரஷர் இல்லாமல் தண்ணீர் விட்டோம். பிரஷர் வாஷர் அடித்தால் ஃபின் எல்லாம் படுத்துவிடும். வேலை அவ்வளவுதான். புது வால்வும் போட்டாயிற்று.

அந்த “தண்ணி ஃபுல்” எந்தத் தண்ணி? செம்பழுப்பாக வந்தது. போர் தண்ணீராகத்தான் இருக்கும். சிறுவாணித் தண்ணீராகவே இருந்தாலும் அலுமினிய ஹெட்டுக்குக் கூலன்ட் வேண்டும். அதைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றியிருக்கிறேன்.

உன் வயரை மட்டும் நான் எடுக்கவில்லை. நடுவில் ஒரு ஃபியூஸைப் போட்டு, ஹோஸை விட்டு விலக்கிக் கட்டி அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி மறுபடி வருகிறது. நீ வந்து உன் கையாலேயே அதைக் கழற்றி, கனெக்ஷனைப் பழையபடி ரிலே வழியாகக் கொடு. வால்வு கழற்ற வாங்கின கூலியையும் அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடு.