பனிக்கடலுக்குப் போகிறவளுக்கு

அடுத்த கோடையில் அலாஸ்காவுக்குக் கப்பலேறப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மாமியாரையும் கூட்டிப் போகிறாயாமே, கேட்கவே நிறைவாக இருந்தது தாயி. நான் போடியில் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவள். உன் பெரியப்பா ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதியவர். 2024 ஆகஸ்டில், எழுபதை நெருங்கும் வயதில், நாங்கள் அந்தக் கடலைப் பார்த்தோம். போன இடத்தில் நான் செய்த பிழைகள் கொஞ்சமல்ல. அதே பிழைகளை நீயும் செய்துதான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

1. காத்திருந்ததற்குக் கூலி கேட்காதே. சியாட்டிலில் இருக்கும் மகள் முதலில் எங்களைக் கூப்பிட்டது 2010-ல். ஒரு வருஷம் ஏலக்காய் விலை விழுந்தது. இன்னொரு வருஷம் பெரியப்பாவுக்கு இதயத்தில் அறுவை. 2020-ல் போகலாம் என்றிருந்தோம். பெருந்தொற்று வந்து, அந்தக் கோடையில் பெரிய உல்லாசக் கப்பல் ஒன்றுகூட அலாஸ்கா பக்கம் போகவில்லை. இப்படியே பதினான்கு வருஷம் ஓடிப்போயிற்று. போடிக்காரர்களுக்குக் காத்திருப்பது புதிதா என்ன? மகள் கூப்பிட்ட அதே 2010-ன் கடைசியில்தான் நம் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். அகலப்பாதையில் மறுபடி ரயில் வந்து நின்றது 2023 ஜூனில். அன்று ஸ்டேஷனில் நானும் நின்றேன். இத்தனை வருஷம் காக்க வைத்தாயே, கூடுதலாக என்ன தரப்போகிறாய் என்று அந்த ரயிலிடம் யாரும் கேட்கவில்லை. வந்துவிட்டதே என்று கண் நிறைந்து நின்றோம். கப்பலில் ஏறியதும் எனக்கு அது மறந்துபோயிற்று. இந்தச் சாப்பாடு பதினான்கு வருஷத்துக்குத் தகுமா, இந்த மலை தகுமா என்று ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தேன். தராசோடு கோயிலுக்குப் போகிறவளுக்கு எடைதான் தெரியும், சாமி தெரியாது.

2. காகிதங்களை நீயே கையில் எடுத்துக்கொள். சியாட்டிலில் ஏறி, அமெரிக்காவின் அலாஸ்காவைப் பார்த்துவிட்டு, சியாட்டிலிலேயே இறங்குகிறோம். இதில் கனடா எங்கே வந்தது என்று நான் கேட்டேன். 1886-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளைச் சுற்றிக்காட்டிவிட்டு வந்துவிட முடியாது, நடுவில் அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட வேண்டும். பெரிய உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுக் கொடியோடு ஓடுகிறவை. அதனால்தான் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை நேரம் நிற்கின்றன. நம் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் வேண்டும். இதெல்லாம் மகள் பாடு என்று நான் விட்டுவிட்டேன். விசா கைக்கு வருவதற்குள் அவள் எத்தனை இரவு தூங்காமல் இருந்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. மாமியாரின் இனிஷியலை பாஸ்போர்ட்டில் எப்படி விரித்து எழுதியிருக்கிறார்கள் என்று இன்றைக்கே எடுத்துப் பார்.

3. ஓர் ஊருக்கு ஒன்று போதும். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது கரையிறங்கிச் சுற்றிவர நூறு ஏற்பாடுகள் வைத்திருப்பார்கள். எக்ஸ்கர்ஷன் என்பார்கள். ஜூனோ அலாஸ்காவின் தலைநகரம். ஆனாலும் வெளியூரிலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது, கடல் வழியாகவோ வான் வழியாகவோதான் போகலாம். இனி எப்போது வரப்போகிறோம் என்று காலையில் திமிங்கிலப் படகு, மதியம் மென்டன்ஹால் பனியாறு என்று இரண்டுக்கும் பதிந்துவிட்டேன். பனியாற்றுக்குப் பக்கத்தில் நக்கெட் அருவி விழுகிறது. போக ஒரு மைல், வர ஒரு மைல், பாதையும் சமதளம்தான். பெரியப்பா பெஞ்சைக் காட்டி, “நான் இங்கேயே உட்கார்ந்து பார்க்கிறேனே” என்றார். “பதினான்கு வருஷம் காத்திருந்து வந்தது பெஞ்சில் உட்காரவா?” என்றேன். மனிதர் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்தார். அன்று இரவு அவருடைய முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. குடும்பத்தில் மெதுவாக நடக்கிறவர் யாரோ அவருடைய வேகம்தான் குடும்பத்தின் வேகம் தாயி. உன் மாமியார் பெஞ்சைக் காட்டினால் நீயும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலா என்றால் வண்டி தாமதமானாலும் கப்பல் உனக்காக நிற்கும். வெளியாட்களிடம் பதிந்து போனால் நேரத்துக்குத் திரும்புவது உன் பொறுப்பு. அலாஸ்கா கடிகாரம் சியாட்டிலுக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும், அதையும் பார்த்துக்கொள்.

4. வயிற்றுக்குப் பயப்படாதே. போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பில் ஏறி வளர்ந்தவள் நீ. கரையோரத் தீவுகளுக்கு உள்பக்கமாகப் போகும்போது கடல் கண்மாய்போல் கிடக்கும், திறந்த கடலில்தான் ஆட்டம் தெரியும். அப்போது அறைக்குள் முடங்கிப் படுக்காமல் மேலே வந்து தூரத்து அடிவானத்தைப் பார். வாயில் ரெண்டு ஏலக்காயைப் போட்டு மெல்லு. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. மாமியாருக்கு மட்டும் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி வைத்துக்கொள்.

5. காட்டில் சொல் கேள். திமிங்கிலத்தை நூறு கெஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். படகோட்டி இஞ்சினை நிறுத்திவிட்டு எட்டத்திலேயே நின்றார். காசு கொடுத்தவர்கள் முணுமுணுத்தார்கள், நானும்தான். குளிர்காலத்தை ஹவாயில் கழித்துவிட்டு, ஏறக்குறைய மூவாயிரம் மைல் நீந்தி, இரை தேடி வந்திருக்கும் உயிர் அது. அதன் சாப்பாட்டு வேளையில் நாம்தான் அழையாமல் போய் நிற்கிறோம். கரடி நடமாடும் பாதையில் கூட்டத்தை விட்டுப் பிரியாதே என்பார்கள், கரடியைக் கண்டால் ஓடாதே என்பார்கள். ஏன் எதற்கு என்று வாதாடாமல் கேட்டுக்கொள். நம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போன பிள்ளைகள் காட்டுத்தீயில் சிக்கி, 23 உயிர்கள் போயின. அன்று இரவு நம் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. அழகைப் பார்க்க வந்த பிள்ளைகள். அதற்குப் பிறகு எந்த மலையைப் பார்த்தாலும் முதலில் எனக்கு அடக்கம்தான் வருகிறது.

6. பாதை போட்டவர்களை நினை. ஸ்காக்வே என்ற ஊரில் குறுகிய பாதை ரயில் ஒன்று மலையேறுகிறது. அகலம் மூன்றே அடி. இருபது மைலுக்குள் ஏறக்குறைய மூவாயிரம் அடி ஏறிவிடும். பெரியப்பா வீங்கிய காலோடும் வர முடிந்த இடம் அது. கனடாவில் குளோண்டைக் பக்கம் தங்கம் கிடைத்த சேதி 1897-ல் உலகமெல்லாம் பரவ, லட்சம் பேர்வரை கிளம்பினார்களாம். ஒரு வருஷச் சாப்பாட்டையும் தட்டுமுட்டையும் சேர்த்து ஆளுக்கு ஒரு டன் சுமை கொண்டுவந்தால்தான் எல்லையில் விட்டார்கள். இப்போது ரயில் ஏறும் கணவாயில் அன்று சுமை தூக்கியே மூவாயிரம் குதிரைகள் மடிந்தன. பிறகுதான் 1898-ல் தொடங்கி 1900-க்குள் இந்த ரயிலைப் போட்டார்கள். அதற்குள் பொன்னுக்குப் போன கூட்டம் கலைந்துவிட்டது. முட்டிமோதிப் போய்ச் சேர்ந்தவர்களிலும் மிகப் பலருக்கு நல்ல நிலம் மிச்சமில்லை. எல்லாம் முன்பே வந்தவர்கள் கைக்குப் போயிருந்தது. பக்கத்துக் கணவாயில் சுமை ஏற்றக் கம்பிவடம் கட்டியிருந்தார்கள் என்று வழிகாட்டி சொன்னதும் பெரியப்பா என் கையைத் தட்டினார். “டாப் ஸ்டேஷன்!” என்றார். மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் கொண்டுவந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கிய காலம் நமக்கும் உண்டல்லவா? 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோயிற்று. கொட்டகுடியிலிருந்து தேயிலைப் பெட்டிகளை மாட்டுவண்டியில் போடிக்குக் கொண்டுவந்தவர்களில் பெரியப்பாவின் தாத்தாவும் ஒருவர். பூமியின் மறுபக்கம் போய் அவர் தாத்தாவை நினைத்துக்கொண்டார். எந்த ஊர் மலையானாலும் அதில் சுமந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பார்.

7. உன் படுக்கையை விரிக்கிறவனின் பேரைக் கேள். எங்கள் அறையைப் பார்த்துக்கொண்டவன் தூத்துக்குடிப் பையன். எட்டு மாத ஒப்பந்தம், நடுவில் ஒருநாள்கூட வீட்டுக்குப் போக முடியாது. தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்தான். முதல் மூன்று நாள் அவனிடம் துண்டு கேட்டேன், தண்ணீர் கேட்டேன், பேர் கேட்கவில்லை. விடியற்காலையில் ஜீப்பில் தோட்டத்துக்கு ஏறும் பெண்களின் பேரெல்லாம் தெரிந்த பெரியப்பாதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு எவ்வளவு மதிப்பு என்பது ஐந்தாம் நாள் தெரிந்தது.

8. பார்க்க வேண்டியதை யாரோடு பார்க்கிறாய் என்பதை விட்டுவிடாதே. ஐந்தாம் நாள் கிளேசியர் பே வளைகுடா, அது ஒரு தேசியப் பூங்கா. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களைத்தான் உள்ளே விடுவார்கள். 1794-ல் வான்கூவர் என்ற கடலோடியின் ஆட்கள் வந்தபோது அந்த வளைகுடா ஏறக்குறைய கிடையாது, வாசலுக்குப் பக்கத்திலேயே பனி நின்றது. 1879-ல் ஜான் மியூர் என்ற இயற்கையாளர் வந்து பார்த்தபோது அது முப்பது மைலுக்குமேல் பின்வாங்கியிருந்தது. கப்பலில் ஏறிய பூங்கா ஊழியர் இதையெல்லாம் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார். அதற்கும் முன்னால் அங்கே ஒரு பள்ளத்தாக்கு இருந்ததாம். டிலிங்கிட் இனத்தின் ஹூனா மக்கள் அங்கே குடியிருந்தார்கள். பனியாறு திடீரென்று முன்னேறி வர, ஊரைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். இருநூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாகத் தங்கள் மண் அதுதான் என்று சொல்லிக்கொண்டே இருந்து, 2016-ல் அந்தக் கரையில் மறுபடி தங்கள் குல வீட்டைக் கட்டினார்கள். பதினான்கு வருஷத்தைப் பெரிதாகச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அதைக் கேட்டதும் பேச்சு வரவில்லை.

ஆனாலும் புத்தி வரவில்லை. முன்வரிசை இடம் பிடிக்க வேண்டும் என்று மேல்தளத்துக்கு ஓடினேன். பெரியப்பாவால் படியேற முடியாது. எங்களுடையது ஜன்னல் இல்லாத மலிவு அறை. “நீ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு” என்றார், நானும் போய்விட்டேன். மார்ஜரி பனியாறு ஒரு மைல் அகலத்துக்கு எதிரே நின்றது. இறுகிய பனிக்கட்டி ஒளியின் சிவப்பையெல்லாம் விழுங்கிக்கொண்டு நீலத்தை மட்டும் வெளியே விடுமாம். சுவரின் விரிசல்களுக்குள் மயில்கழுத்து நிறம். கடைசியில் ஒரு துண்டு பிளந்து விழுந்தது. விழுந்தது கண்ணுக்குத் தெரிந்து, சற்றுப் பொறுத்துத்தான் இடிச்சத்தம் வந்தது. “பார்த்தீங்களா!” என்று தமிழில் கத்திக்கொண்டே பக்கத்தில் திரும்பினேன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கீழே இறங்கினால் அறையில் ஆளில்லை. தூத்துக்குடிப் பையன் சக்கர நாற்காலி கொண்டுவந்து, கீழ்த்தளத்தில் கண்ணாடி ஜன்னல் ஓரமாக அவரை உட்காரவைத்திருந்தான். நான் செய்திருக்க வேண்டியதை அந்தப் பிள்ளை செய்திருக்கிறான். அதே பனி விழுந்ததை அவரும் பார்த்திருக்கிறார். நாங்கள் இருவரும் பார்த்தோம், சேர்ந்து பார்க்கவில்லை. அவர் இன்றுவரை அதைக் குறையாகச் சொன்னதில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

9. மழையை ஏசாதே. அடுத்த நாள் கெச்சிக்கான். வருஷத்துக்கு நூற்றைம்பது அங்குலம் மழை கொட்டும் ஊர். மிதவை விமானத்தில் ஏறி மலைகளைப் பார்ப்பதாக ஏற்பாடு; மூட்டம் இறங்கிவிட்டது என்று ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முதல் இரண்டு நாளாக இருந்திருந்தால் அந்த மேஜையில் இருந்த பெண்ணிடம் சண்டை போட்டிருப்பேன். நம் மலையில் மூட்டம் இறங்காவிட்டால் ஏலம் ஏது என்று நினைத்துக்கொண்டேன். பெரியப்பாவின் கையைப் பிடித்து மெல்ல நடந்து, ஊர் நடுவே ஓடும் ஓடைப்பக்கம் போனோம். அங்கே ஒரு பெஞ்சு இருந்தது. இந்தத் தடவை நானே முதலில் உட்கார்ந்தேன்.

ஓடை முழுக்க சால்மன் மீன்கள். கடலில் வளர்ந்து, பிறந்த ஓடையையே தேடி வந்து, முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும் மீன்கள். தண்ணீர் கீழே தள்ளத் தள்ள, அவை எகிறி எகிறி மேலே போய்க்கொண்டிருந்தன. ஒரே குடைக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மடியிலிருந்த ஏலக்காயை உரித்து ஆளுக்கு ஒன்று வாயில் போட்டுக்கொண்டோம். பக்கத்தில் யார் யாரோ வந்து படமெடுத்துப் போனார்கள்.

பெரியப்பா ஓடையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “மெட்டுல மழை பிடிச்சா கொட்டகுடி ஆத்துல தண்ணி இப்படித்தான்டி சத்தம் போடும்.”