படத்தின் விலையும் படிப்பவரின் பொறுப்பும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மருத்துவர் 'ஸ்கேன்' எழுதிக் கொடுத்தவுடன் நம் வீடுகளில் எழும் முதற் கேள்வி "எவ்வளவு ஆகும்?" என்பதே. "அதை யார் பார்த்துச் சொல்வார்கள்?" என்று கேட்பார் இல்லை. இவ்விரு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. இதை நான் வகுப்பறையில் கற்கவில்லை; வீட்டில் கற்றேன்.

என் தந்தையார் நெல் மண்டியில் மூட்டை சுமப்பவர். சென்ற ஆண்டு அவருக்கு இடுப்பு வலி கண்டது. தனியார் மருத்துவர் ஒருவர் எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொன்னார். ஒரு மையத்தில் 8,000 ரூபாய் என்றார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த மற்றொன்றில் 4,500 ரூபாய். வட்டிக்கு வாங்கி அந்த 4,500 ரூபாயைக் கட்டினோம். அரசு மருத்துவமனையில் 2,500 ரூபாய்க்கே எடுத்திருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. "ஒரே மிஷினுக்கு மூணு விலையா? நீதான் அந்தப் படிப்புப் படிக்கிறியே, சொல்லு" என்றார் அம்மா. அம்மாவுக்கு அன்று சொல்லத் தெரியாததை இங்கே எழுத முயல்கிறேன்.

இயந்திரம் ஒன்றே அன்று என்பதுதான் முதல் விடை. நம் உடலின் பெரும்பகுதி நீர். நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம். வலிய காந்தப் புலத்தில் அது பம்பரம் போலத் தலையாட்டிச் சுழலும். 1 டெஸ்லா புலத்தில் அச்சுழற்சியின் அதிர்வெண் 42.58 மெகாஹெர்ட்ஸ். அதே அதிர்வெண் கொண்ட ரேடியோ அலையைச் செலுத்தினால் அணுக்கரு ஆற்றலை ஏற்றுப் பின் திருப்பித் தருகிறது. அந்தக் குறிப்பொலியைக் கொண்டு படம் வரையும் வழியை லாட்டர்பர் 1973இல் வெளியிட்டார். அவருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

புலம் வலுக்க வலுக்கப் படம் தெளியும். 0.3 டெஸ்லா அளவிலான கருவிகள் நிலைக்காந்தத்தாலேயே இயங்கும், செலவு குறைவு. 1.5 டெஸ்லாவுக்கு மீகடத்துக் கம்பிச் சுருள் வேண்டும். அதைத் திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரி செல்சியசில் குளிர வைக்க வேண்டும். 3 டெஸ்லா கருவிக்கு விலை இன்னும் ஏறும். எத்தனை கோணங்களில், எத்தனை நிமிடம் எடுக்கிறார்கள் என்பதும் உண்டு. இவையெல்லாம் நியாயமான காரணங்கள். அனுப்பி வைக்கும் மருத்துவருக்குத் தரப்படும் கமிஷன் நியாயமற்ற காரணம். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகள் அதைத் தடை செய்தன. தடை இருந்தும் அது ஒழிந்தபாடில்லை என்பது ஊரறிந்த செய்தி.

ஆனால் விலைப்பட்டியலில் தெரியாத ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்கேன் கட்டணத்தை இரண்டாகப் பிரிப்பதுண்டு: படம் எடுத்ததற்கு ஒன்று, படித்துச் சொன்னதற்கு ஒன்று. நாம் கட்டுவதோ ஒரே தொகை. படிப்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மேலும் மூன்றாண்டு கதிரியல் பயின்றவர். அவர் எடுத்துக்கொள்ளும் நேரமும் அந்தத் தொகைக்குள்தான் அடங்குகிறது. காந்தத்தின் விலையைக் குறைக்க முடியாது. ஹீலியத்தின் விலையைக் குறைக்க முடியாது. போட்டிக்காகக் கட்டணம் குறையும்போது சுருங்கக் கூடியது படிப்பவரின் நேரம் ஒன்றே என்பது என் எண்ணம். விலை கூடினால் படிப்பும் சிறக்கும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டா. அதற்கும் உறுதி இல்லை.

நியூயார்க் வட்டாரத்தில் நடந்த ஓர் ஆய்வு 2017இல் 'ஸ்பைன் ஜர்னல்' இதழில் வெளிவந்தது. இடுப்பு வலியுள்ள 63 வயதுப் பெண்மணி ஒருவரை மூன்று வாரங்களுக்குள் பத்து மையங்களுக்கு அனுப்பி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பத்து அறிக்கைகளிலும் சேர்ந்து 49 குறைபாடுகள் சொல்லப்பட்டிருந்தன. பத்திலும் இடம்பெற்றது ஒன்றுகூட இல்லை! முதுகு ஒன்று, வலி ஒன்று. அறிக்கை பத்து விதம். இதைப் படித்தபோது அம்மாவின் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் வீட்டுக்கு வந்த அறிக்கை ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். "என்னடா எழுதியிருக்கு?" என்று எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. 'டெசிகேஷன்' என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினேன். "முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு காய்ந்துவிட்டதாம்" என்றேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. அன்று படுத்தவர் மூன்று வாரம் எழவில்லை. இனித் தன்னால் ஆகாது என்று முடிவு கட்டிவிட்டார்.

பிறகுதான் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த மருத்துவர் அம்மையார் படத்தைத் தொடுமுன் அப்பாவின் காலை நீட்டியவாறே தூக்கிப் பார்த்தார். முழங்காலில் சுத்தியால் தட்டினார். பெருவிரலை அழுத்தச் சொன்னார். அதன்பிறகே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "நரம்பெல்லாம் நல்லா இருக்குய்யா. உங்க வயசுல நிறையப் பேருக்கு டிஸ்க் இப்படித்தான் இருக்கும். படுத்தே கிடக்காதீங்க, நடங்க. மூட்டை மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்" என்றார்.

அவர் சொன்னது ஆறுதலுக்காக அன்று. வலியே இல்லாதவர்களின் படங்களை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. அதன்படி 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் இடைத்தட்டுத் தேய்வு உண்டு. என் வயது 20. எங்கள் வகுப்பில் மூவரில் ஒருவருக்காவது நான் 'காய்ந்துவிட்டது' என்று சொன்னது இருக்கக்கூடும்!

இனி யார் படிப்பது? பிரிட்டனில் மேற்பயிற்சி பெற்ற கதிர்ப்பட நுட்பர்களும் எக்ஸ்ரே படங்களுக்கு அறிக்கை எழுதுகிறார்கள். கணிப்பொறியே படித்துவிடும், இனிக் கதிரியல் மருத்துவர்களைப் பயிற்றுவிக்க வேண்டா என்று 2016இல் ஜெஃப்ரி ஹின்டன் சொன்னார். காசநோய்க்கான மார்புப் படங்களைச் சலித்தெடுக்க, 15 வயதுக்கு மேற்பட்டோருக்குக் கணிப்பொறியைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2021இல் பரிந்துரைத்தது. மருத்துவர் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு இது நல்ல செய்தியே. அங்கே கேள்வி எளியது: சந்தேகம் உண்டா, இல்லையா? அப்பாவின் முதுகில் கேள்வி அதுவன்று. படத்தில் தெரிவதுதான் வலிக்குக் காரணமா என்பது கேள்வி. அதற்குப் படிப்பவர், நோயாளியைப் பற்றியும் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். எங்கள் ஸ்கேன் சீட்டில் எழுதப்பட்டிருந்தவை 'இடுப்பு வலி' என்ற இரண்டு சொற்களே. எந்த ஊரிலோ அமர்ந்து அதைப் படித்தவர் மேல் பழி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அண்மையில் அந்த அறிக்கையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். கடைசியில், கையெழுத்துக்கு மேலே, சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: நோயாளியின் அறிகுறிகளோடு பொருத்திப் பார்த்து முடிவு செய்க. அன்று நான் அந்த வரியைப் படித்துச் சொல்லவில்லை.

அப்பா இப்போது மண்டியில் எடைச்சீட்டு எழுதுகிறார், கூலி குறைவு. ஸ்கேன் உறையோடு தெருவில் யாராவது என்னிடம் வந்தால், பெயரும் தேதியும் சரியா, கீழே ஒரு மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். "காலேஜ் படிக்கிற பையன், இதைப் படிக்கத் தெரியலையாம்" என்று சிலர் முணுமுணுத்துக்கொண்டே போகிறார்கள்.