களஞ்சியம் யாருக்காக?



புயல் வருகிறது என்று டிவியில் சொன்னவுடனே கடைத்தெருவில் கூட்டம் கூடிவிடுகிறது. அந்த நேரத்தில் சில விசுவாசிகள், "நாம ஜெபிக்கிறவங்க, நமக்கு எதுக்கு சேமிப்பு? சேர்த்து வைக்கிறது அவிசுவாசம்" என்கிறார்கள். வேறு சிலரோ பயத்தில் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்குகிறார்கள். எது சரி? வேதத்தின் வெளிச்சத்தில் தியானிப்போம்.

1. யோசேப்பின் களஞ்சியம் (ஆதியாகமம் 41)

யோசேப்பு சொப்பனத்தின் அர்த்தத்தைச் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கும்படி பார்வோனுக்கு யோசனையும் சொன்னான். எப்போது? பஞ்சத்தில் அல்ல, பரிபூரண விளைவுள்ள ஏழு வருஷங்களில். நிறைவான காலத்தில் எடுத்து வைத்தால் யாருக்கும் குறைவதில்லை. தட்டுப்பாடு வந்தபிறகு வாரிக்கொண்டால் அது இன்னொருவன் பங்கு.

2. நாற்றமெடுத்த மன்னா (யாத்திராகமம் 16)

மோசே வேண்டாம் என்று சொல்லியும் சிலர் மன்னாவை மறுநாளைக்கு வைத்தார்கள். அது புழு பிடித்தது. ஆனால் ஆறாம் நாளில் ஆளுக்கு இரண்டு ஓமர் சேர்த்தார்களே, அது கெடவில்லை! அதே மன்னா, அதே பாத்திரம். வித்தியாசம் எங்கே? ஒன்று நம்பாமல் வைத்தது, மற்றது கீழ்ப்படிந்து வைத்தது. ஆகவே சேமிப்பது பாவம் அல்ல. பயந்து பதுக்குவதுதான் ஆபத்து.

3. ஐசுவரியவானின் களஞ்சியம் (லூக்கா 12)

இவனும் தானியம் சேர்த்தான். ஆனால் அவன் பேச்சு முழுவதும் தன்னைப் பற்றித்தான். அதில் அயலானுக்கு இடமில்லை, தேவனுக்கும் இடமில்லை. யோசேப்பின் களஞ்சியத்திலிருந்தோ, அவனை விற்றுப்போட்ட அண்ணன்மாருக்கும் தானியம் போயிற்று. அவர்கள் கொடுத்த பணமும் சாக்கிலேயே திரும்பிப் போயிற்று.

இது பழைய கதை அல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா கிராமங்களில் பல நாட்கள் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, குடிதண்ணீருக்கே தவித்தார்கள். 2020 மார்ச்சில் 21 நாள் ஊரடங்கு என்றதும் கையில் காசுள்ளவர்கள் கடையைக் காலி செய்தார்கள். தினக்கூலிக்காரன் வெறும் பையோடு நின்றான்.

நாம் செய்ய வேண்டியவை:

• பிடி அரிசி: உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வையுங்கள். ஒரு பிடி 50 கிராம் என்றாலும், இரண்டு வேளைக்கு மாதம் 3 கிலோ ஆகும். காய்ந்த வேப்பிலை போட்டு மூடி வைத்தால் வண்டு அண்டாது. பழையதை முதலில் சமையுங்கள்.

• தண்ணீர்: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாளைக்கு. ஐந்து பேருக்கு 60 லிட்டர். சந்தேகமான தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

• அடுப்பில்லாமல் சாப்பிட: அவல், பொட்டுக்கடலை, வெல்லம்.

• பேதி கண்டால்: கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலைதட்டி அளக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளைத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

• டார்ச் லைட், தீப்பெட்டி, சுகர், பிரஷர் மாத்திரைகள். ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம் எல்லாம் பிளாஸ்டிக் கவரில்.

• கடன் வாங்கிச் சேர்க்காதீர்கள். வதந்தியைக் கேட்டும் ஓடாதீர்கள். 2000-ம் வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுவிடும் என்று பயந்து அமெரிக்காவில் அநேகர் உணவைக் குவித்தார்கள். ஜனவரி 1 எப்போதும்போல விடிந்தது!

பிரியமானவர்களே, நம் தெருவில் தனியாக இருக்கும் வயதான தாயார் யார்? அன்றாடம் வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் வீடு எது? அவர்களுக்கும் ஒரு பங்கு சேர்த்து வையுங்கள். அவர் எந்தச் சபை, எந்த மதம் என்று கேட்க வேண்டாம். சாறிபாத் விதவையின் கடைசிப் பிடி மாவில் எலியாவுக்கும் பங்கு இருந்தது. அந்தப் பானை குறையவில்லை (1 இராஜாக்கள் 17).

இன்று இராத்திரி உலை வைக்கும்போது அந்த முதல் பிடியை எடுத்து வைப்பீர்களா? கர்த்தர் உங்கள் களஞ்சியங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.