மூடியும் சரக்கின் ஆயுளும்

"கம்பெனி நல்ல கம்பெனிதான், ஆனால் கேஸ் இல்லையே" என்று வாடிக்கையாளர் பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பது நமது கடைகளில் சகஜம். பல சமயம் குற்றம் சரக்கில் இல்லை; மூடியிலும் நாம் வைத்த இடத்திலும் இருக்கிறது.

மூடியின் வேலை இரண்டு: உள்ளிருக்கும் வாயுவை வெளியே விடக்கூடாது, வெளிக்காற்றை உள்ளே விடக்கூடாது.

ஒயின் நம் வியாபாரமல்ல. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் வசம். ஆயினும் மூடியின் அருமையைத் தெளிவாகக் காட்டியது அந்தச் சரக்குதான். ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையம் 1999-இல் ஒரே ஒயினை 14 வகை மூடிகளால் அடைத்துச் சோதித்தது. பிளாஸ்டிக் கார்க் போட்டவற்றில் காற்று புகுந்து நிறம் சீக்கிரம் பழுப்பேறியது. திருகுமூடி காற்றை நன்றாகத் தடுத்தது. ஆனால் லேசான ரப்பர் வாடை தட்டியது. சரக்கு ஒன்றே, மூடி மாறியதும் குணம் மாறியது.

இனி நம் சரக்கைப் பார்ப்போம்.

கோலி சோடா: உள்ளே உள்ள வாயுவே கோலியை ரப்பர் வளையத்தில் அழுத்தி அடைக்கிறது. வளையம் வெடித்திருந்தால் வாயு கசியும்.

கிரவுன் மூடி: 1892-இல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்றது. முன்பு உட்புறம் கார்க் வில்லை இருந்தது, இப்போது பிளாஸ்டிக். விளிம்பு துருப்பிடித்த பாட்டிலை இறக்காதீர்கள்.

பெட் பாட்டில்: மூடி இறுக்கமாக இருந்தாலும் பாட்டிலின் சுவர் வழியாகவே வாயு மெல்ல வெளியேறும். கொள்ளளவுக்குச் சுவர்ப்பரப்பு அதிகம் என்பதால் சின்ன பாட்டிலில் சீக்கிரம் போகும். வெயில் பட்டால் இன்னும் வேகம்.

ஊறுகாய்: தகர மூடியின் உட்பூச்சு கீறினால் புளிப்பும் உப்பும் அதை அரிக்கும். மூடி உப்பியிருந்தால் விற்கவே கூடாது.

கடையில் செய்ய வேண்டியவை:

1. பல்லாவரம் வெயிலில் கூல்டிரிங்ஸ் கிரேட்டுகளைக் கடை வாசலில் அடுக்காதீர்கள்.
2. சின்ன பெட் பாட்டில்களைக் கொஞ்சமாக எடுத்து அடிக்கடி வாங்குங்கள்.
3. முதலில் வந்ததை முதலில் விற்றுவிடுங்கள்.
4. வெள்ளிக்கிழமைச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய பாட்டில், மூடி வாங்கி உணவுப்பொருள் அடைக்காதீர்கள்.
5. சரக்கு இறக்கும்போதே மூடியைப் பாருங்கள்; கசிந்ததை அப்போதே லைன் வண்டியில் திருப்பி அனுப்புங்கள்.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, காலாவதியான பொருளை விற்றாலும் சுகாதாரமின்றி வைத்திருந்தாலும் விற்றவரே பொறுப்பு. தயாரித்தவரைக் கைகாட்டித் தப்ப முடியாது. மூடியைப் பார்க்க ஆகும் ஒரு நிமிடம் நம் முதலையும் பெயரையும் காக்கும்.