பயிற்றுநராக விரும்பும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு நீ கேட்டிருந்த கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. "பெரியம்மா, விளையாட்டுப் பயிற்றுநராக இருப்பது ஒரு தொழிலா?" என்று கேட்டிருந்தாய். அமெரிக்கக் கல்லூரிகளில் சொஃப்ட்போல் அணிகளுக்குத் தலைமைப் பயிற்றுநராக இருக்கும் பெண்களைப் பற்றிப் பார்த்திருக்கிறாய். கெலிஓயாவில் இருந்துகொண்டு அப்படி ஆசைப்படலாமா என்ற தயக்கமும் உன் எழுத்தில் இருந்தது. தாராளமாக ஆசைப்படலாம். ஆனால் அந்தத் தொழிலின் கணக்கு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு ஆசைப்படு. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில், நீ பார்த்த அந்தப் பெண்களுக்கு அந்த நாற்காலி எப்படிக் கிடைத்தது என்று பார்ப்போம். அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனங்கள் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்று 1972இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. 'டைட்டில் நைன்' என்பார்கள். அதன் பிறகுதான் கல்லூரிகள் பெண்கள் அணிகளுக்கும் மைதானம், உபகரணம், உதவித்தொகை, பயிற்றுநர் சம்பளம் என்று ஒழுங்காகப் பணம் ஒதுக்கத் தொடங்கின. 1982இல் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ, பெண்கள் சொஃப்ட்போலுக்குத் தேசியப் பட்டத்தை ஆரம்பித்தது. இதில் நீ கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அந்தச் சட்டம் வந்த காலத்தில் கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றுக்குப் பெண்களே பயிற்றுநர்கள். சம்பளமும் மதிப்பும் கூடியபோது ஆண்களும் அந்தப் பதவிகளைத் தேடி வந்தார்கள். இன்று பெண் பயிற்றுநர்கள் பாதிக்கும் குறைவு. உரிமை கிடைத்த இடத்திலும் ஆள் நின்றால்தான் இடம் நிலைக்கும்.

அப்படி நின்றவர்களில் ஒருவர் கரோல் ஹச்சின்ஸ். மாணவியாக இருந்தபோது கூடைப்பந்து ஆடினார். ஆண்கள் அணிக்குக் கிடைக்கும் வசதிகள் தங்கள் அணிக்கு இல்லையென்று தன் பல்கலைக்கழகத்தின் மீதே 1979இல் வழக்குத் தொடுத்த வீராங்கனைகளில் அவரும் ஒருவர். 1985இல் மிச்சிகன் பல்கலைக்கழக சொஃப்ட்போல் அணிக்குத் தலைமைப் பயிற்றுநரானார். அவருடைய அணி தேசியப் பட்டத்தை வென்றது 2005இல். இருபது வருடம்! 2022இல் ஓய்வு பெறும்போது 1,707 வெற்றிகள் அவர் கணக்கில் இருந்தன. கல்லூரி சொஃப்ட்போலில் அதுவரை வேறு எந்தப் பயிற்றுநரும் அத்தனை வென்றதில்லை. ஐந்து வருடத்தில் கிண்ணம் வரவில்லையென்று அவரை அனுப்பியிருந்தால் அந்தக் கணக்கே இல்லை.

பாட்டி காசோ இன்னொருவர். ஒரு சிறிய இரண்டாண்டுக் கல்லூரியில் பயிற்றுவித்துக்கொண்டிருந்தவர் 1995இல் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அப்போது அந்த அணிக்குச் சொந்த மைதானம்கூடக் கிடையாது. ஊர்ப் பொதுப் பூங்கா ஒன்றில்தான் ஆடினார்கள். அங்கிருந்து 2000இல் முதல் பட்டம், 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு, மொத்தம் எட்டு. இப்போது பளபளப்பாகத் தெரியும் அந்த அரங்கை மட்டும் பார்த்துவிட்டு ஆசைப்படாதே. பூங்காவில் தொடங்கிய அந்த முதல் வருடங்களையும் சேர்த்து ஆசைப்படு.

நமக்குப் பக்கத்திலேயே இதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது. கம்பளையிலிருந்து வரும் மகாவலி உங்கள் ஊர்ப்பக்கமாக ஓடிப் பேராதனையைக் கடந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகிறது. அங்கே ஆற்றங்கரையில் இருப்பது புனித அந்தோனியார் கல்லூரி. ஒன்பது வயதில் அங்கே படிக்க அனுப்பப்பட்ட ஒரு தமிழ்ப் பையன் மித வேகத்தில் பந்து வீசிக்கொண்டிருந்தான். 1972இல் கண்டியில் பிறந்தவன். கல்லூரியின் கிரிக்கெட் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ, அந்தப் பையனுக்குப் பதினான்கு வயதானபோது, வேகத்தை விட்டுவிட்டு ஓஃப் ஸ்பின் வீசச் சொன்னார். பையன் கேட்டான். கடைசி இரண்டு பருவங்களில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்து, 1990/91இல் பாட்டா நிறுவனத்தின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரருக்கான விருதைப் பெற்றான். அவர்தான் முத்தையா முரளிதரன்.

கணக்கைப் பார். பயிற்றுநர் அந்த ஆலோசனையைச் சொன்னது 1986 அளவில். முரளி முதல் டெஸ்ட் ஆடியது 1992இல். ஷேன் வோர்னின் 708 விக்கெட்டுகளைத் தாண்டியது 2007 டிசம்பரில், அதுவும் நம் கண்டி அஸ்கிரிய மைதானத்தில். 800ஆவது விக்கெட் 2010இல் காலியில். ஒரு கோச் ஒரு மாலையில் சொன்ன சொல் முழுதாகக் காய்த்துக் கனிய இருபத்துநான்கு வருடம் ஆகியிருக்கிறது. முரளியின் பெயரை உலகம் முழுவதும் சொல்கிறார்கள். சுனில் பெர்னாண்டோவின் பெயரைச் சொல்ல நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. இந்தத் தொழிலின் இயல்பு இதுதான் மகளே. உன் வேலையின் பலன் நீ இல்லாத இடத்தில், நீ எதிர்பாராத காலத்தில் வரும். அதைத் தாங்கும் மனமும் அதுவரை நிற்கும் ஏற்பாடும் இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் வா.

அப்படியானால் அந்த நீண்ட காலத்துக்கு எப்படி வேலை செய்வது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, பார்ப்பதற்குப் பழகு. நல்ல பயிற்றுநர் பேசுவதைவிடப் பார்ப்பது அதிகம். முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராது. புத்தகத்தில் உள்ள படத்தைப் போலப் பந்து வீச வைக்கிறேன் என்று யாராவது பிடிவாதம் பிடித்திருந்தால் நாம் என்ன இழந்திருப்போம் என்று யோசித்துப் பார். நெட்போலில் பந்தைப் பிடிக்கும் பிள்ளை எந்தக் காலை முதலில் ஊன்றுகிறாள், எல்லேயில் மூங்கில் தடியை வீசும்போது தலை எங்கே திரும்புகிறது, தோற்றுக்கொண்டிருக்கும்போது யார் குரல் கொடுக்கிறாள், யார் ஒதுங்குகிறாள்: இவற்றை ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுது. பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். மூன்று மாதம் கழித்துப் பின்னோக்கி வாசித்தால், மைதானத்தில் நிற்கும்போது தெரியாதது கண்ணில் படும். மாற்றம் சொல்வதென்றால் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று சொல். ஐந்து திருத்தம் கேட்ட பிள்ளை ஐந்தையும் விட்டுவிடுவாள்.

இரண்டாவது, உடம்பைக் காப்பாற்று. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டு நாட்களில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகளை வீசித் தங்கம் வாங்கிக் கொடுத்தார். அதைக் கேட்டு மெய்சிலிர்க்கலாம், பின்பற்றக் கூடாது. அவர் அப்போது இருபத்தாறு வயதுத் தேர்ந்த வீராங்கனை. உன் கையில் வரப்போவது வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பும் மூட்டும். வலயப் போட்டியில் வெல்ல வேண்டும் என்பதற்காக ஒரே பிள்ளையை எல்லா ஆட்டத்திலும் வீச வைப்பது அவளுடைய பத்து வருடத்தை ஒரு கிண்ணத்துக்கு விற்பதாகும். வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. அதிபர் கேட்டாலும், பழைய மாணவர்கள் கேட்டாலும் நீ அசையாதே.

மூன்றாவது, சின்ன வயதில் ஒரே விளையாட்டில் பூட்டாதே. குமார் சங்கக்கார கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தபோது டெனிஸ், பெட்மின்டன், நீச்சல் என்று பலதும் ஆடினார். கிரிக்கெட்டில் அவரை ஊக்குவிக்கும்படி அவருடைய தாயிடம் எடுத்துச் சொன்னவர் அதிபர் லெனாட் டி அல்விஸ். பல விளையாட்டில் பழகிய கையும் காலும் பிறகு ஒன்றில் நிலைக்கும்போது வலுவாக நிற்கும். நெட்போல் ஆடும் பிள்ளை எல்லேக்குப் போக ஆசைப்பட்டால் சந்தோஷமாக அனுப்பு. மற்றக் கோச்சை எதிரியாகப் பார்க்காதே.

நான்காவது, வீட்டையும் மொழியையும் மைதானத்தோடு சேர். உன் பக்கத்துப் பாடசாலைகளில் தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், சிங்களப் பிள்ளைகள் எல்லாரும் இருப்பார்கள். கோச் இரண்டு மொழியும் பேச வேண்டும். திட்டும்போது மட்டுமில்லை, பாராட்டும்போதும் அந்தப் பிள்ளையின் மொழியில் பாராட்டு. முக்காட்டோடு ஆட விரும்பும் பிள்ளைக்கு அதற்கேற்ற உடையை முன்கூட்டியே ஒழுங்கு செய். பாடசாலை விட்டதும் டியூஷன், பிறகு கம்பளை பஸ், இருட்டுவதற்குள் வீடு என்று ஓடும் பிள்ளைகளுக்கு மூன்று மணிநேரப் பயிற்சி போடாதே. ஒரு மணிநேரத்தை நிமிடக் கணக்கில் திட்டமிட்டால் போதும். எத்தனை மணிக்கு முடியும் என்று தாய்மாருக்குச் சொல்லி, சொன்ன நேரத்துக்கு முடி. ஒக்டோபர், நவம்பர் மழையில் மைதானம் சேறாகும்போது வகுப்பறையிலும் நடைபாதையிலும் என்ன செய்வது என்று முன்பே எழுதி வை. நேரம் தவறாத கோச்சை நம்பித்தான் நம் ஊர்களில் பெண்பிள்ளைகளை விடுவார்கள்.

ஐந்தாவது, துக்கம் வரும் நாளிலும் அணி உன்னைப் பார்க்கும். மைக் கான்ட்ரியா என்ற பயிற்றுநர் அரிசோனா பல்கலைக்கழகத்துக்கு எட்டுத் தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணி அவர் பொறுப்பில் இருந்தது. போட்டி தொடங்க ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில், பயிற்சிப் பயணத்தின் நடுவே அவருடைய மனைவி திடீரென்று இறந்துபோனார். அவர் அணியோடு போனார். அந்த அணி ஒன்பது ஆட்டங்களையும் வென்றது. 51 ஓட்டங்கள் எடுத்து ஒன்றே ஒன்றைத்தான் விட்டுக்கொடுத்தது. அப்படியொரு சோதனை உனக்கு வரக் கூடாது. ஆனால் உனக்காக ஆடும் பிள்ளைகள் சாதாரண நாட்களில் எப்படி உருவாகிறார்கள் என்பதற்கு இது சாட்சி. தோற்ற அன்று நீ அவர்களோடு எப்படி நடந்துகொண்டாய் என்பதைத்தான் அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

இனி வயிற்றுப்பாட்டைப் பேசுவோம். நீண்ட காலம் நிற்க வேண்டும் என்றேன். அதற்குச் சம்பளம் வேண்டும். அமெரிக்கத் தலைமைப் பயிற்றுநருக்கு ஒப்பந்தம், உதவிப் பயிற்றுநர்கள், வரவுசெலவுத் திட்டம் எல்லாம் உண்டு. வீராங்கனைகளைத் தேடித் தேர்ந்தெடுப்பதும் அவர்களுடைய படிப்பைக் கவனிப்பதும்கூட அவர் பொறுப்பே. நம் நாட்டில் வெளியிலிருந்து பாடசாலைக்கு வரும் கோச்சுக்குப் பெரும்பாலும் பழைய மாணவர் சங்கமோ பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ கொடுக்கும் தொகைதான். பருவம் முடிந்தால் அதுவும் நின்றுவிடலாம். ஆகவே முதலில் ஒரு நிலையான கால் ஊன்று. உடற்கல்வி ஆசிரியையாவது நல்ல வழி. உயர்தரப் பெறுபேறு வந்ததும் தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கான வர்த்தமானி அறிவித்தலைத் தவறவிடாதே. அது மூன்று வருடப் பயிற்சி, கடைசி வருடம் பாடசாலையிலேயே கற்பிக்க வேண்டும். விஞ்ஞானப் பிரிவில் நல்ல புள்ளி வந்தால் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானமும் படிக்கலாம். பிறகு கொழும்பிலுள்ள தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவனத்தின் பயிற்றுநர் டிப்ளோமா. இதோடு முதலுதவிப் பயிற்சி எடுத்துச் சான்றிதழை வைத்துக்கொள். எந்தப் பாடசாலை கூப்பிட்டாலும் தொகையையும் நாட்களையும் எழுத்தில் வாங்கு. பெண்பிள்ளை, பக்கத்து ஊர் என்பதற்காகச் சும்மா வரச் சொல்வார்கள். மரியாதையாக மறுக்கக் கற்றுக்கொள். நீ வாங்கும் நியாயமான சம்பளம் உனக்குப் பின்னால் வரும் பெண்ணுக்கும் வழி.

சொஃப்ட்போலையே பிடித்துக்கொள்ள விரும்பினால் அதற்கும் காலம் கெட்டுப்போகவில்லை. ஒலிம்பிக்கில் 1996இல் சேர்ந்து, 2008க்குப் பிறகு வெளியேறி, டோக்கியோவில் திரும்பிய அந்த விளையாட்டு, 2028இல் லொஸ் ஏஞ்சலஸில் மறுபடி வருகிறது. எல்லே ஆடிய உனக்கு அடிப்பதும் ஓடுவதும் புதிதில்லை. 43 அடி தூரத்திலிருந்து கையைச் சுழற்றிக் கீழிருந்து வீசும் பந்துவீச்சைத்தான் புதிதாகப் பழக வேண்டும். அதை நீயும் வீசிப் பழகு. வீசத் தெரியாமல் வீசக் கற்றுக்கொடுக்க வராதே.

பெறுபேறு வரும் வரை சும்மா இருக்காதே. நீ படித்த பாடசாலைக்குப் போய், பொறுப்பாசிரியையிடம் அனுமதி வாங்கி, பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வாரம் இரண்டு நாள் கேள். முதலாம் அணியைக் கேட்காதே. அவர்களுக்கு ஆள் இருக்கும். எவரும் கவனிக்காத சின்னப் பிள்ளைகளோடு தொடங்கு. முதல் வாரத்திலேயே எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய். அணியில் இடம் கிடைக்காத பிள்ளைக்கும் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு வேலை, ஏதாவது ஒரு பாராட்டு இருக்கட்டும். அடுத்த வருடமும் அவள் மைதானத்துக்கு வந்தால், அதைக் கொப்பியில் உன் முதல் வெற்றியாக எழுது. பயிற்சித் திட்டத்தை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. வரி வரியாகப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா