சோலைக்குள் ஒளியும் நீலக் குருவி



இந்த மலரில் மோட்டாரைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் எழுதுவது ஒரு குருவியைப் பற்றி. சிரிக்காதீர்கள்! அளந்து, சரிபார்த்து, பிறகு முடிவு சொல்வதுதானே நம் படிப்பு? இதுவும் அதே வேலைதான்.

எங்கள் ஊர் கோத்தகிரிப் பக்கம். அம்மா தேயிலை பறிக்கிறார். தோட்டத்தை ஒட்டி ஒரு சின்னச் சோலை. டிசம்பர் விடுமுறையில் ஒருநாள் விடியற்காலை, அங்கே தரையில் தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கிய குருவியைப் பார்த்தேன். முதுகு நீலம், அடியில் செம்பழுப்பு. இரண்டு நொடிதான், புதருக்குள் போய்விட்டது. புத்தகத்தைப் புரட்டி, "இந்திய நீல ராபின். இமயத்திலிருந்து குளிர்காலத்தில் வருவது" என்று நோட்டில் எழுதினேன். பெருமையாக அம்மாவிடம் படித்தும் காட்டினேன்.

அம்மா சிரித்தார். "வர்றதாவது, போறதாவது! ஆடி மழையிலயும் அங்கதான்டா கெடக்கும். மொதல்ல சீட்டி கேக்கும், அப்புறந்தான் ஆளு தெரியும்."

எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அதே இடத்தில் அசையாமல் உட்கார்ந்து சரிபார்த்தேன்:

1. அளவு: சுமார் 15 செ.மீ. நம் சின்ன ஸ்கேல் நீளம்.

2. நிறம்: இமயத்து ஆண் குருவிக்குத் தொண்டையிலிருந்தே செம்பழுப்பு, கண்ணுக்கு மேல் பளிச்சென்று வெள்ளைக் கோடு. இதற்குத் தொண்டையும் மார்பும் நீலம், விலாவில் மட்டும் செம்பழுப்பு, வயிற்றின் நடுவில் வெள்ளை.

3. ஜோடி: இமயத்துப் பெண் குருவி பழுப்பு நிறம். இங்கே ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி.

4. காலம்: அம்மா சொன்னதே சாட்சி. வருடம் முழுக்க இங்கேயே இருக்கிறது.

ஆக, இது நீலகிரி நீல ராபின். 2017-இல் இதற்கும் இதன் உறவினங்களுக்கும் 'ஷோலிகோலா' என்று புதுப் பேரினப் பெயர் வைத்தார்கள். சோலைவாசி என்று பொருள். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, கொடைக்கானல் பக்கம் இருப்பது வெள்ளை வயிற்று நீல ராபின். அதன் விலாவில் செம்பழுப்பு கிடையாது. எனவே எந்த மலையில் பார்த்தோம் என்பதையும் குறிக்க வேண்டும்.

நம் குருவி கணவாய்க்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே உண்டு. உலகில் வேறெங்கும் இல்லை. தேயிலைக்கும் தைல மரத்துக்கும் சோலைகளை வெட்டியதால் இன்று அழியும் ஆபத்தில் இருக்கிறது. எங்களுக்குச் சோறு போடுவதும் அதே தேயிலைதான். இதை எழுதும்போது கை தயங்கத்தான் செய்கிறது.

நண்பர்களே, புத்தகம் அவசியம் பாருங்கள். ஆனால் முடிவு எழுதும் முன், அங்கேயே உழைக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். என் நோட்டில் திருத்தி எழுதிவிட்டேன். 'பார்த்தவர்' என்ற இடத்தில் அம்மாவின் பெயரும் இருக்கிறது.

— மூன்றாமாண்டு மாணவன், மின்னியல் துறை