மழையில் மாடி ஏறாதீர்கள்: டிஷ் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஐப்பசி பிறந்து கடலூர்ப் பக்கம் வானம் இருட்டினால் போதும், தெருவில் யாராவது ஒருவர் மொட்டை மாடியில் டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நனைந்துகொண்டிருப்பார். “இன்னும் கொஞ்சம் திருப்பு... வருது, வருது... போச்சு” என்று கீழேயிருந்து குரல் வரும். கம்பி ஆன்டெனா காலத்தில் இது பயன் தந்த பழக்கம். டிஷ் காலத்தில் இதனால் பயன் இல்லை, ஆபத்து மட்டும் உண்டு. நம் ஊர்களில் டிஷ் பற்றி உலவும் தவறான நம்பிக்கைகளில் பெரும்பாலானவை அந்தப் பழைய காலத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவைதான்.

‘உயரமாகக் கட்டினால் படம் நன்றாக வரும்’ என்பது அவற்றில் முதலாவது. ஆன்டெனாவுக்கு இது முழு உண்மை. டிவி அலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் போகும், பூமியோ வளைந்திருக்கிறது. 150 மீட்டர் கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை, 10 மீட்டர் உயரத்தில் கட்டிய ஆன்டெனாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர் வரைதான் ஒழுங்காக எட்டும். சென்னையிலிருந்து கடலூர் அதைப்போல இரண்டரை மடங்கு தூரம். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியும், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு அதனால் உடனே பயன் கிடைக்காததற்கு இதுவே காரணம்.

பிறகு ரிலே நிலையங்கள் வந்தன. ‘சென்னை டவர் அனுப்பியதை நம்ம ஊர் டவர் பிடித்துக் கொடுத்தது’ என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தப் படம் வானத்திலிருந்து இறங்கியது. 1983 ஆகஸ்ட் 30 அன்று சேலஞ்சர் விண்கலம் இன்சாட்-1பி செயற்கைக்கோளைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டே நாடு முழுவதும் சிறிய ரிலே நிலையங்கள் மளமளவென்று முளைத்தன. கடலூர், சிதம்பரம் அளவிலான ஊர்களுக்கு தூர்தர்ஷன் வைத்தவை பெரும்பாலும் 100 வாட் அளவிலான குறைந்த சக்தி நிலையங்கள். நிலைய வளாகத்தில் இருக்கும் பெரிய டிஷ் செயற்கைக்கோளிலிருந்து படத்தை வாங்கும், டவர் அதைச் சுற்றுவட்டாரத்துக்குப் பரப்பும். ஆரம்பத்தில் இப்படி இறங்கியது டெல்லி நிகழ்ச்சி. இந்திச் செய்தி வந்து, சென்னை நிலையத்தின் வெள்ளிக்கிழமைப் பாட்டு நிகழ்ச்சியான ‘ஒளியும் ஒலியும்’ வராத ஊர்கள் இருந்தது அதனால்தான். ஆக, ‘அப்போது டவர், இப்போது சாட்டிலைட்’ என்பது பாதிதான் சரி. அப்போது ஊருக்குப் பொதுவாக ஒரு டிஷ், இப்போது வீட்டுக்கு ஒன்று. கேபிள்காரரின் கன்ட்ரோல் ரூமுக்கு வரும் சேனல்களும் பெரும்பாலும் டிஷ் வழியே இறங்கியவைதான்.

‘கடல் காற்று இலங்கை டிவியைக் கொண்டுவரும்’ என்று கடலோரப் பெரியவர்கள் சொல்வதைக் கேலி செய்ய வேண்டாம். 1982இல் தொடங்கிய ரூபவாஹினி, 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதாலகால மலையிலிருந்து ஒளிபரப்பானது. குளிர்ந்த ஈரக்காற்று கடல்மட்டத்தில் தங்கி, அதன்மேல் சூடான உலர்காற்று படியும் நாட்களில், டிவி அலை இரண்டுக்கும் இடையே வளைந்து, வழக்கமான எல்லையைத் தாண்டி வெகுதூரம் போகும். படத்தைக் காற்று தூக்கி வருவதில்லை, காற்றடுக்கு வழிவிடுகிறது. பெரியவர்கள் கண்டது உண்மை, சொன்ன காரணம்தான் வேறு.

டிஷ்ஷுக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. செயற்கைக்கோள் இருப்பது 35,786 கிலோமீட்டர் உயரத்தில். அதற்கு முன் முப்பதடி மாடி எம்மாத்திரம்? தரையில் வைத்தாலும் அதே படம்தான் வரும். தேவை திறந்த வானம் மட்டுமே. தூர்தர்ஷனின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில். நம் ஊரிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, வங்கக் கடலின் மேலே, தொடுவானத்திலிருந்து சுமார் 69 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சியில் நிற்கிறது. டிஷ் அவ்வளவு அண்ணாந்து தெரியாததற்குக் காரணம் அதன் வடிவமைப்பு: அலை தட்டில் சாய்வாகப் பட்டு, கீழே நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.யில் குவிகிறது.

சிதம்பரத்தில் ‘கோபுரம் மறைக்குது’ என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோபுரம் சுமார் 40 மீட்டர். 69 டிகிரியில் வரும் அலையை அது மறைக்க வேண்டுமானால், உங்கள் டிஷ் கோபுரத்துக்கு நேர் வடமேற்கே சுமார் 15 மீட்டருக்குள் இருக்க வேண்டும். நான்கு வீதிகளில் எந்த வீட்டுக்கும் அந்தக் கவலை வேண்டாம். தென்கிழக்கில் சுவரை ஒட்டி நிற்கும் தென்னைதான் உண்மையான எதிரி. அதிலும் நனைந்த ஓலை.

இனி மழை. ‘மழையில் சாட்டிலைட் கெட்டுவிட்டது’ என்கிறார்கள். மழை மேகங்களெல்லாம் தரையிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன, செயற்கைக்கோளுக்கு மழையே தெரியாது. அலை மழைக்குள் நுழைவது கடைசிச் சில கிலோமீட்டரில்தான். இந்த அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் என்பதால் பெரிய மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. மழை குறைந்ததும் படம் தானே திரும்பும். சரியாக இருக்கும் டிஷ்ஷை அப்போது திருப்பினால், மழை விட்ட பிறகும் படம் வராது. இரண்டு டிகிரி விலகினாலே போதும். வெயிலடித்தும் ‘நோ சிக்னல்’ என்றே நின்றால், எல்.என்.பி.யில் ஒயர் மாட்டும் இடத்தைக் கழற்றிப் பாருங்கள். கடலூரின் உப்புக்காற்றில் அந்தச் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும். நுனியை வெட்டிப் புதிதாக மாட்டினால் பல வீடுகளில் அதோடு தீர்ந்துவிடும்.

‘டிஷ் கதிர்வீச்சு விடும்’ என்று கர்ப்பிணிகளை மாடிக்கு விடாத வீடுகளும் இருக்கின்றன. வீட்டு டிஷ் எதையும் அனுப்புவதில்லை, வாங்க மட்டுமே செய்கிறது. அது வாங்கும் சக்தியும் ஒரு வாட்டின் லட்சம் கோடியில் சில பங்குதான். அங்கே துணி காயப்போட யாரும் பயப்பட வேண்டியதில்லை.

பழைய அனலாக் ரிலே நிலையங்கள் நாடு முழுவதும் மூடப்பட்டதும் ‘இலவச தூர்தர்ஷன் முடிந்தது’ என்ற பேச்சு கிளம்பியது. அதுவும் தவறு. டிஷ்ஷும் பாக்ஸும் ஒருமுறை வாங்கினால், ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் கிடையாது. பொதிகை என்று நாம் அறிந்த டிடி தமிழும் அதில் வருகிறது.

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூரை எப்படிப் புரட்டிப்போட்டது என்று நமக்குத் தெரியும். அப்படியொரு நாளில் டிவி செய்தி நின்றால் மனம் பதறும், புரிகிறது. ஆனால் வழுக்கும் மாடியும், அறுந்து கிடக்கும் மின்கம்பியும், இடியும் உயிரைக் குடிப்பவை. பேட்டரி போட்ட ஒரு ரேடியோவை வீட்டில் வைத்துக்கொண்டு புதுச்சேரி வானொலியைக் கேளுங்கள். டிஷ்ஷை மழை விட்டபின் பார்த்துக்கொள்ளலாம்.